யாருடைய எஞ்சாமி?

2021 ஓகஸ்டில் வெளிவந்த 'றோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் இரண்டு கலைஞர்களின் படம் இருந்தது. ஒருவர் தீ, மற்றவர் ஷான் வின்சென்ற் டி போல். முன்னவர் அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர், பின்னவர் கனடாவில் வளர்ந்தவர். இருவருக்கும் வேர் யாழ்ப்பாணத்தில். அந்த நேரத்தில் இருவரையும் பேசவைத்த பாடல்கள் 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' என்ற இரண்டும். இரண்டிலும் தமிழ்ச் சொற்களுக்குப் பின்னால் இருந்தவர் அரக்கோணத்துக்காரரான அறிவு. முதற் பாட்டில் பாதிக் குரலும் அவருடையதே. அட்டையில் அவர் இல்லை.

இதுபற்றித் தமிழ்நாட்டில் அப்போது ஏராளமாக எழுதினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித் முதலில் குரல் கொடுத்தார். எழுதியவனும் பாடியவனும் மறுபடியும் மறைக்கப்படுகிறான் என்பதே அவர் எழுப்பிய குற்றச்சாட்டின் சாரம். விவாதம் சாதி என்ற புள்ளியைச் சுற்றியே நடந்தது. அது சரியான புள்ளிதான். ஆனால் பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எமக்கு அந்த அட்டையில் வேறொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் இருந்தது யாழ்ப்பாணம், விடுபட்டது மலையகம். பாட்டின் கதை மலையகத்துக் கதை. இலங்கையில் இருந்துகொண்டு இதை நாம் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டு வெளியானது 2021 மார்ச் 7. கனடாத் தமிழர் சிலர் ஏ.ஆர். ரஹ்மானின் துணையோடு தொடங்கிய 'மாஜா' என்ற நிறுவனத்தின் வெளியீடு. இசை சந்தோஷ் நாராயணன், காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். சினிமாவுக்கு வெளியே பிறந்த ஒரு தமிழ்ப் பாட்டு இத்தனை வேகமாகப் பரவியதை அதற்கு முன்பு நாம் கண்டதில்லை. சில வாரங்களில் பத்துக் கோடித் தடவை பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நாற்பது கோடியைத் தாண்டியது. தமிழ்ப் பாட்டென்றால் படப்பாட்டு என்று பழகிப்போன ஒரு சமூகத்தில் இது சிறிய காரியமல்ல.

'எஞ்சாமி' என்பது 'என் சாமி'. கூலிக்காரன் பண்ணைக்காரனைக் கைகட்டி விளித்த சொல் அது. பாட்டி பேரனை மடியில் போட்டுக் கொஞ்சும் சொல்லும் அதுவேதான். அடிமைத்தனமும் அன்பும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது தமிழில் புதிதல்ல. ஆனால் அந்த இரட்டைப் பொருளின் மீது ஒரு பாட்டு முழுவதையும் கட்டி எழுப்பிய துணிவு புதிது. முன்னால் ஆங்கிலத்து 'என்ஜாய்' வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு முகம் சுளித்த தமிழ்ப் பற்றாளர்கள் உண்டு. பாட்டின் நடுவே ஒரு கிழவியின் துயரம் கிடப்பதை அவர்கள் கேட்டார்களா என்பது சந்தேகம். நிலம் பொதுவாக இருந்தது, முன்னோர் அதைப் பண்படுத்தினர், விளைந்தது எல்லாம் விளைந்தும் விளைவித்தவளின் தொண்டைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்பதுதான் பாட்டின் உட்பொருள். துள்ளலான தாளத்தோடு தொடங்கி ஒப்பாரிக்குள் இறங்கி மீண்டும் துள்ளலுக்கு வருகிறது.

கிழவியின் பெயர் வள்ளியம்மாள். அறிவின் பாட்டி. காணொளியில் அவரும் அமர்ந்திருக்கிறார். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் 'திரும்பினார்' என்று எழுதும்போது பேனா தயங்குகிறது. அந்தத் தலைமுறையில் பலர் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர்கள். பிறந்த இடத்தை விட்டுக் கண்டிராத இடத்துக்குப் போவதைத் 'திரும்புதல்' என்று பெயரிட்டவை இரண்டு அரசாங்கங்கள்.

அந்தப் பெயரிடலின் கதை சுருக்கமாக இது. 1820களில் தொடங்கிக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொள்ளைநோயில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், அதைத் தொடர்ந்து வாக்குரிமையைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. தோட்டங்களை விளைவித்த மக்கள் ஒரு வருட இடைவெளியில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேர். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அவர்களையும் சரிபாதியாக, தலைக்கு எழுபத்தையாயிரமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அதே 1974இல் அதே இரண்டு தலைவர்கள் இன்னொன்றையும் பேசி முடித்தார்கள். கச்சதீவு. அது நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குவது. ஆளில்லாத அந்தத் தீவைப்பற்றி இன்றுவரை இரண்டு கரையிலும் மேடை போட்டுப் பேசுகிறார்கள், தேர்தல் வந்தால் சத்தம் இன்னும் கூடுகிறது. அதே ஆண்டில் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்ட ஒன்றரை இலட்சம் மனிதர்களைப்பற்றி அந்த மேடைகளில் ஒரு வார்த்தை வராது. நெடுந்தீவின் மேற்குக் கரையில் நின்று கடலைப் பார்க்கிறவர்களுக்கு இந்த முரண் விளங்காமல் போகாது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இந்த மக்களை ஏற்றிச்சென்ற 'இராமானுஜம்' கப்பல் ஓடியதும் இந்தக் கடலின் தெற்குப் பக்கத்தில்தான்.

மலைநாட்டு ஸ்டேஷன்களில் கோச்சி புறப்படும்போது எழுந்த அழுகை எமது இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்தார். பிரிவுக்கு அழுவதும் பிணத்துக்கு அழுவதும் அங்கே ஒன்றாகிவிட்டன. போனவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புமுன் நோய் பார்த்துத் தடுத்துவைத்த முகாம் அது. பிறகு அதே கொட்டகைகளில் திரும்பியவர்கள், 1983க்குப் பின் அகதிகள். மூன்று தலைமுறையின் வரவும் போக்கும் ஒரே வாசலில். அங்கிருந்து சிலர் 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் நூற்பாலைகளுக்கும், சிலர் கிடைத்த இடத்துக்கும் போனார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' என்று துரத்தப்பட்டவர்களை அங்கே 'சிலோன்காரர்' என்றார்கள். இன்றும் நீலகிரியில் அந்தப் பெயர் போகவில்லை.

இந்த மக்களின் பேரன் ஒருவன் பாடகனாகி, பாட்டியின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துக் கூப்பிடுகிறான். பாட்டு உலகமெல்லாம் போகிறது. அவன் பெயர் வழியில் விழுந்துவிடுகிறது.

எங்கே விழுந்தது என்று தேடினால் சஞ்சிகை அட்டை வரைக்கும் போக வேண்டியதில்லை. பாட்டு வெளியான நாளிலேயே அதன் தலைப்பில் தீயின் பெயர் முதலில், பிறகு 'ஃபீச்சரிங்' என்பதன் இரண்டெழுத்துச் சுருக்கம், அதன் பின் அறிவு. அதாவது ஒருவருடைய பாட்டில் மற்றவர் தோன்றுகிறார். இசை வணிகத்தில் அது வழக்கமான சுருக்கம்தான். ஆனால் எழுதியவனையும் பாடியவனையும் விருந்தாளி ஆக்கிவிடுகிற சுருக்கம். விமர்சகர்களில் பெரும்பாலோர் இதை இரட்டையர் பாட்டு என்றே எழுதினார்கள், அவர்களுடைய காது சரியாகத்தான் கேட்டது. தலைப்பு எழுதியவரின் கண்ணுக்குத்தான் அது அப்படித் தெரியவில்லை. இதில் தீயைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்தப் பாட்டில் அவருடைய குரலின் கரகரப்பு இல்லாவிட்டால் பாதி மாயம் போய்விடும். ஒவ்வொரு கட்டத்திலும் அறிவின் பங்கைத் தாம் சொல்லியே வந்திருப்பதாக அவர் பிற்பாடு அறிக்கை விட்டார். அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஷான் வின்சென்ற் டி போலும் அறிவின் பங்கை மறுக்கவில்லை. ஆள் கெட்டவரா நல்லவரா என்பதல்ல விடயம். யாருடைய பெயர் தானாகவே முன்னுக்கு வருகிறது, யாருடையது தள்ளினாலும் பின்னுக்கு நிற்கிறது என்பதே விடயம்.

முதல் மாதங்களின் விமர்சனங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒரு சாரார் அதைச் சுற்றுச்சூழல் பாட்டு என்றார்கள். மரம், நிலம், பறவை, ஆறு, எல்லாம் எல்லோருக்கும் பொது. கேட்க இதமான வாசிப்பு. யாரையும் குற்றம் சாட்டாத வாசிப்பும்கூட. இன்னொரு சாரார் காணொளியின் வண்ணங்களில் மயங்கினார்கள், ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர்களின் காட்சி மொழியோடு ஒப்பிட்டார்கள். மூன்றாவது சாரார், குறிப்பாகத் தலித் அரசியலோடு நின்றவர்கள், நிலமற்றவர்களின் பாட்டு என்று சரியாகவே இனங்கண்டார்கள். அறிவு 2017இல் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலிருந்து வந்தவர், ஒஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மூன்று சாராரும் ஏறத்தாழத் தாண்டிப்போன இடம் ஒன்று இருந்தது. அது தேயிலைத் தோட்டம். இந்திய விமர்சகர்களுக்கு அது பாட்டியின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி. யாழ்ப்பாணத்துக்கும் புலம்பெயர் நாடுகளுக்கும் அது எம்மவர் உலக மேடைக்கு ஏறிய பெருமைக் கதை.

'எம்மவர்' என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரசாவுரிமை பறிபோன காலத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவைக்குள் இருந்தார். அந்தக் கேள்வியில்தான் செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தலைவர்கள் பிரிந்தார்கள். வீடுகளுக்குள் ஒன்றும் மாறவில்லை. 'தோட்டக்காட்டார்' என்ற வசை யாழ்ப்பாணத்துப் பேச்சில் தொடர்ந்து புழங்கியது. மலையகத்துச் சிறுவர்களை வீட்டுவேலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த வீடுகள் பலவற்றில் தமிழ்த் தேசியமும் இருந்தது. 1950களின் குடியேற்றத் திட்டங்களில் தீவுப்பகுதியிலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் போனவர்களுக்குக் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத்தோடு நிலம் கிடைத்தது. நெடுந்தீவார் பலர் அப்படிப் போனவர்கள், வரண்ட சுண்ணாம்புக் கல் தீவில் பனையையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய விடிவு. 1958க்கும் 1977க்கும் பிறகு அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்த மலையகத்தாருக்கு அந்த வயல்களில் கூலி வேலைதான் கிடைத்தது. நீர்ப்பாசனம் இல்லாத காட்டு ஓரங்களில் குடிசை போட்டார்கள். இறுதி யுத்தத்தில் அழிந்த வன்னிக் குடும்பங்களில் அவர்கள் எத்தனையோ பேர். விளைவித்தவளின் தொண்டை நனையாத கதை நுவரெலியாவில் மட்டும் நடந்தது என்று நாம் நினைத்துக்கொண்டால் அது எமது வசதிக்கான நினைப்பு.

முஸ்லிம்களாகிய நாமும் இந்த இடத்தில் வெளியே நின்று பார்ப்பவர்கள் அல்லர். 1948இன் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. எமது கல்வி வரலாற்றில் அவருக்குரிய இடம் மறுக்க முடியாதது, ஆனால் தோட்டத் தொழிலாளி நாடற்றவனாகிய பொழுதில் தொழில் அமைச்சு அவருடையது என்பதும் பதிவாகவே இருக்கட்டும். 1949 சட்டத்தின் தலைப்பிலேயே 'பாகிஸ்தானிய' என்ற சொல் இருந்ததையும் நாம் மறந்துவிட்டோம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த கரையோர முஸ்லிம்களும் அந்தச் சட்டத்தின் வரிசையில் நின்றவர்களே. மலைநாட்டுப் பட்டினங்களில் தோட்டத்தாருக்குக் கடன் கொப்பியில் எழுதி அரிசியும் சீலையும் கொடுத்த நானாமார்களின் கதையில் நன்மையும் உண்டு, வட்டிக்கு நிகரான விலையேற்றமும் உண்டு. இரண்டையும் எழுதுவதற்கு எமது எழுத்தாளர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

திகதிகளில் குறி பார்ப்பவன் அல்ல நான். ஆனாலும் வடக்கு முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 என்றால் ஒன்றுதான் நினைவு. 1990இல் அன்றைய தினம் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒக்டோபர் 30 என்பது எமது நினைவு நாட் கூட்டங்களில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. இரண்டும் ஒரே அளவான கொடுமை என்று நிறுக்க முடியாது, நிறுக்கவும் தேவையில்லை. ஒரு மக்கள் கூட்டத்தை அது பிறந்த மண்ணிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்று வேறு யாரோ தீர்மானித்த நாள் என்ற அளவில் அவை அயல் வீடுகள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வள்ளியம்மாளின் கதை அந்நியமாக இருக்க நியாயமில்லை.

பாட்டின் வரலாற்றுக்கு வருவோம். ரஞ்சித்தின் கண்டனத்துக்குப் பின் சில நாட்களில் அந்தச் சஞ்சிகை அறிவின் படத்தோடு ஒரு மின்னட்டை வெளியிட்டது. அச்சட்டைக்கு மின்னட்டை ஈடா என்று கேட்டவர்களும் உண்டு. அதே காலத்தில் டி.ஜே. ஸ்னேக் என்ற பிரெஞ்சு இசைஞர் செய்த மறுகலவை வந்தபோதும் விளம்பரங்களில் அறிவு எங்கே என்ற கேள்வி எழுந்தது. 2022 ஜூலை 28இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை, அவர் அப்போது அமெரிக்காவில். அடுத்த சில நாட்களில் அவர் விட்ட அறிக்கைதான் எல்லாவற்றையும் உடைத்தது. மெட்டையோ சொல்லையோ தனக்கு யாரும் தரவில்லை, இசையமைத்ததும் எழுதியதும் பாடியதும் தானே என்றார், மாதக்கணக்கில் உறக்கமில்லாமல் உழைத்ததைச் சொன்னார். சந்தோஷ் நாராயணன் மறுத்தார். மூவரும் சேர்ந்து உருவாக்கிய பாட்டு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்பது அவருடைய நிலை. 2024 மார்ச்சில் அவரே காணொளியில் தோன்றி, இத்தனை கோடிப் பார்வைகளுக்குப் பிறகும் நிறுவனத்திடமிருந்து எங்கள் மூவருக்கும் ஒரு சதமும் வரவில்லை என்று குற்றஞ்சாட்டினார், ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவரே என்றார்.

மெட்டு யாருடையது என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல நாம் யாருமில்லை. மூன்று பேர் ஓர் அறையில் இருந்து பாட்டுச் செய்தால் எந்தக் கணத்தில் எந்த ஓசை யாருடைய வாயில் பிறந்தது என்பது அவர்களுக்கே தெளிவாயிராது. விமர்சகர்கள் ஆளுக்கொரு கட்சி எடுத்ததில் வேறொரு கேள்வி அடிபட்டுப் போனது. ஒப்பாரிக்கு உரிமையாளர் யார்?

ஒப்பாரி என்பது ஒப்புச் சொல்லி அழுவது. செத்தவரை எதற்கெல்லாமோ ஒப்பிட்டு, நடுவே தன் சொந்தக் குறையையும் சொல்லி, மாமியாரையும் அண்ணனையும் ஏசி, அழுகிறவள் அந்த இடத்திலேயே கட்டுகிற பாட்டு. அச்சு இருக்கும், அச்சுக்குள் ஊற்றுவது அவளுடையது. அடுத்த வீட்டுச் சாவுக்கு அது மாறிவிடும். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில். பிணங்கள் வந்து சேர்ந்த வீடுகளில் அந்தத் தீவுப் பெண்கள் அழுத அழுகைக்கு எழுத்தாளர் பெயர் இல்லை. ஒவ்வொரு மே 15இலும் நினைவேந்தல் நடக்கிறது, பேச்சாளர்களின் பெயர்கள் நோட்டீசில் வருகின்றன. அழுதவர்களின் சொற்கள் போய்விட்டன. அவற்றில் நாலு வரி ஒருவனுக்கு நினைவிருந்து, அவன் அதைத் தாளத்தில் போட்டு உலகத்துக்குக் கொடுத்தால், அது அவனுடையதா, தாளம் போட்டவனுடையதா, பதிவுசெய்த கம்பனியுடையதா? சட்டம் கடைசி இருவருக்கும் பத்திரம் வைத்திருக்கிறது. பேரனுக்கு அரைப் பத்திரம். பாட்டிக்கு ஒன்றுமில்லை.

நாட்டார் பாடல் சேகரித்தவர்கள் எல்லோரும் இந்த இடறலைச் சந்தித்தவர்கள்தான். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாகின. அந்த வேலை நடந்திராவிட்டால் கோப்பிக் காலத்து நினைவில் பாதி மண்ணுக்குள். கிழக்கில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் எமது உம்மும்மாக்களின் வாயிலிருந்து தாலாட்டையும் கவியையும் எடுத்து அச்சேற்றினார். முஸ்லிம் பெண் பாடுவாளா என்று மார்க்கம் பேசி முறைத்தவர்களுக்கு நடுவில் அவர் அதைச் செய்தார். இரண்டு பேரின் நூல்களிலும் தொகுத்தவர் பெயர் அட்டையில். பாடியவள் 'மக்கள்' என்ற சொல்லுக்குள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அதற்கு மேல் அன்று செய்ய இயலாது. ஆனால் அறிவு செய்தது அதற்கு அடுத்த படி என்பதை விமர்சகர்கள் கவனித்திருக்கலாம். 'மக்கள்' என்று பொதுவில் விடாமல், வள்ளியம்மாள் என்று பெயர் சொல்லி, முகத்தையும் காட்டினார். பாட்டியைப் பெயரில்லாமையிலிருந்து வெளியே கொண்டுவந்தவருக்கே பெயர்ச் சண்டை வந்து சேர்ந்தது.

பாடியவர் பெயர் நிலைத்து எழுதியவர் பெயர் மறைவது எமக்கும் பழக்கமான காரியந்தான். 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்றால் நாகூர் ஹனிபா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்த மொஹிதீன் பேக் சிங்களத்தில் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இல்லாமல் வெசாக் விடியாது. 1991இல் மறைந்த அந்தத் தமிழ்நாட்டு முஸ்லிமின் குரல் நாட்டுக்குச் சொந்தம், அவருடைய ஊர்வழி யாருக்கும் அக்கறையில்லை. ஈழத்துத் துள்ளிசையும் இதே பாதையில் வந்ததுதான். எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகளை அன்றைய சங்கீத வித்துவான்கள் கூத்தாட்டம் என்று ஒதுக்கினார்கள். பறங்கியரும் காப்பிரியரும் விட்டுப்போன பைலாத் தாளம் அதில் ஓடியது. மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டி 1977இல் தமிழ்ப் படத்துக்குள்ளும் புகுந்தது. பிறகு இந்தியக் கல்லூரிச் சுற்றுலாக்களில் அது யாருடையதுமில்லாத பாட்டாகிவிட்டது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானபோதுதான் பலருக்கு அப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரிந்தது.

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் லெய்டன், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம். அவை எல்லாம் உதிர்ந்துபோய் நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் அரச ஆவணங்களில் ஆங்கிலத்தில் அதுதான். குறிகட்டுவானிலிருந்து அங்கே போகும் படகில், ஒரு பொடியனின் கைத்தொலைபேசியில் 'எஞ்சாமி' ஓடிக்கொண்டிருக்கக் கேட்டிருக்கிறேன். யாருடைய பாட்டு தம்பி என்று கேட்டேன். தீ அக்காவின்ர பாட்டு, எங்கட யாழ்ப்பாணத்து ஆள் என்றான். எழுதினது ஆர் என்றதற்கு ரஹ்மானாயிருக்கும் என்றான். அவனில் பிழையில்லை. பாட்டின் தலைப்பும் சஞ்சிகையின் அட்டையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மலையகத்துக் கதை என்பதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் விமர்சகர்களும் பள்ளிக்கூடமும்.

2023இல் மலையக மக்கள் தமது இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஜூலைக் கடைசியில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் போய்ச் சேர்ந்தார்கள். முன்னோர் நடந்த அதே வழி. நாடற்றவர் நிலையை நீக்கும் சட்டம் 2003இல் வந்துவிட்டது, ஆனால் லயத்துக் காம்பராவுக்குக் காணி உறுதி கேட்டு அவர்கள் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. பாட்டு ஊரெல்லாம் ஓடி இரண்டு வருடம் கழித்து நடந்த நடை அது. நாற்பது கோடிப் பார்வையில் பத்தில் ஒரு பங்கு கவனம்கூட அதற்குக் கிடைக்கவில்லை. 'எஞ்சாமி'யைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய இசை விமர்சகர்களில் ஒருவரையாவது அந்தப் பாதையில் எதிர்பார்த்திருக்கலாம். பாட்டில் வருகிற வள்ளியம்மாளின் ஆட்கள் அன்று மதவாச்சிப் பக்கத்து வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள்.